பன்னிரண்டு கோடியும் பன்னிரண்டாயிரம் கோடியும்

1

இந்தக் கதை எங்கேயிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னைப் பிடித்துக் குடையக்கூடாது. மன்னாரிலிருந்து தலைமன்னாருக்குப் போகிற வீதியில் ஒரு பள்ளிக்கூடம். பெயர் சொல்லமாட்டேன். கணித தினக் கண்காட்சிக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கதை எழுதுகிறவனுக்குக் கணக்கோடு என்ன வேலை என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. தேத்தண்ணியும் பற்றிசும் தந்தார்கள், போனேன்.

சுவரில் ஒட்டியிருந்த பிறிஸ்ரல் போட்டு அட்டைகளில் ஒன்றில் நண்டுப் படம். கீழே நீல மாக்கரில் 1.2 × 10. பத்தின் தலைக்கு மேலே சுட்டி எண் நிற்கவேண்டிய இடம் சவரப் பிளேற்றால் சுரண்டி, திரும்ப எழுதி, திரும்பச் சுரண்டி, என்ன எண் என்று படிக்கமுடியாமல் கிடந்தது. இது யாருடையது என்று கேட்டேன். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. ஆகவே இனி வருவதெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதல் தொடக்கம்: "கீழ்வானம் சிவக்கும் வேளையில் படகுகள்…"

வேண்டாம். இப்படித் தொடங்கினால் நானே வாசிக்கமாட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "சுட்டி எனப்படுவது யாதெனில், ஓர் எண்ணை அதே எண்ணால் எத்தனை தரம்…"

அது கணக்கு ரீச்சரின் வேலை. அவ வருவா, பொறுங்கள்.

மூன்றாம் தொடக்கம்: பிரான்சிஸ்காவின் கையில் ஒரு பழைய பல்துலக்கும் பிரஷ் இருந்தது.

சரி, இது நிற்கும்.

பிரான்சிஸ்காவுக்குப் பதினான்கு வயது, தரம் ஒன்பது. தகப்பன் கொலின்ஸ் நண்டு வலை போடுகிறவர். காலையில் படகு வந்ததும் தாய் மாக்கிறட்டும் மகளும் வலையிலிருந்து நண்டு கழற்றுவார்கள். அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடம். கழற்றும்போது வயிற்றடியில் முட்டை ஒட்டிக்கொண்ட நண்டுகளும் வரும். அவற்றைத் திரும்பக் கடலில் விடவேண்டும் என்பது அந்தக் கரை மீனவர் சங்கத்தின் கட்டுப்பாடு. மீறினால் இரண்டு கிழமை வலை போடமுடியாது.

கொலின்ஸ் வீட்டில் விடுவதில்லை. பிரஷ்ஷால் முட்டையைச் சுரண்டிக் கழுவிவிட்டால், பிறகு அது வெறும் நண்டு. யார் கண்டது? அந்தச் சுரண்டல் பிரான்சிஸ்காவின் வேலை. அவளுக்குத்தான் விரல் சின்னன், கையும் சுறுக்கு.

(கொலின்ஸைக் கெட்டவராக்க இரண்டு பக்கம் எழுதிப் பார்த்தேன். மனுசன் மசியவில்லை. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறார், மகளின் பள்ளிக்கூடச் சப்பாத்தை அவரே துடைத்து வைக்கிறார். "எல்லாரும் செய்யினம், நான் ஒருத்தன் விட்டால் கடல் நிரம்பிடுமோ?" என்று கேட்கிற ஆள். அந்தப் பக்கங்களைக் கசக்கி எறிந்தேன்.)

3

எருக்கலம்பிட்டியிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற றஸ்னா ரீச்சர் வகுப்பில் சொன்னா: "வீட்டில இருந்து ஆளுக்கொரு பெரிய எண் கொண்டு வாங்கோ. விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில எழுதோணும். முன்னுக்கு நிக்கிற எண் ஒண்டுக்குக் குறையவும் கூடாது, பத்தைத் தொடவும் கூடாது. மிச்சமெல்லாம் பத்தின்ர வலு, பத்துக்கு மேல சின்னனா ஒரு சுட்டி."

பிள்ளைகள் போனைத் தட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். இன்பாஸ் உலகச் சனத்தொகை, 8 × 10⁹. இன்னொருத்தி சூரியனுக்கு உள்ள தூரம். பிரான்சிஸ்கா மட்டும் உண்மையிலேயே வீட்டிலிருந்து கொண்டுவந்தாள். ஒரு நண்டில் ஆறு லட்சம் முட்டை என்று சங்கக் கட்டடத்து நோட்டீஸில் வாசித்திருந்தாள். அது 6 × 10⁵. ஒரு மாதம் தான் சுரண்டிய நண்டுகளைக் கொப்பியின் கடைசித் தாளில் கோடு போட்டு எண்ணியிருந்தாள். அது இருநூறு, 2 × 10². தலைப்பையும் வடிவாக எழுதினாள்: "எங்கள் வீட்டில் ஒரு மாதம் சுரண்டிய நண்டு முட்டைகள்."

(இப்படியும் ஒரு பிள்ளை எழுதுமா என்று நீங்கள் கேட்பது கேட்கிறது. எழுதும். வீடு கூட்டுவது போல, சட்டி கழுவுவது போல, அவளுக்கு அது காலை வேலை. கரையில் பாதிப் பேர் வாசலில் இருந்தே செய்கிறார்கள். அது மறைக்கவேண்டிய விஷயம் என்று அவளுக்கு ஒருவரும் சொல்லிக்கொடுக்கவில்லை.)

விடைதான் பிழைத்தது. முந்தின நாள் வலுவின் வலு படித்திருந்தார்கள்: (10⁵)² என்றால் ஐந்தையும் இரண்டையும் பெருக்கவேண்டும். அந்தச் சூட்டோடு 10⁵ × 10² க்கும் பெருக்கிவிட்டாள். 12 × 10¹⁰. பன்னிரண்டை 1.2 ஆக்க, ஒரு பத்து மேலே ஏறி 1.2 × 10¹¹.

"பன்ரண்டாயிரம் கோடி!" என்று இன்பாஸ் சிரித்தான். "என்ர முழு உலகத்தையும் பதினைஞ்சு தரம் வைக்கலாம், உன்ர வீட்டு நண்டு முட்டைக்குள்ள!"

றஸ்னா ரீச்சர் சிரிக்கவில்லை. "பிள்ளை, அஞ்சு பத்தை வரிசையா எழுதுங்கோ, நடுவில பெருக்கல் போட்டு. எழுதிட்டீங்களோ? பக்கத்தில இன்னும் ரெண்டு பத்து. இப்ப மொத்தம் எத்தினை பத்து நிக்குது?"

"ஏழு ரீச்சர்." சொன்ன கையோடு அவளுக்கு விளங்கிவிட்டது. "ஐயோ, கூட்டத்தான் வேணும்! அப்ப பன்ரண்டும் ஏழு பத்தும். பன்ரண்டை 1.2 ஆக்கினால் பத்தின்ர எட்டு."

"அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள போட்டில திருத்தி விடுங்கோ. தலைப்பை மாத்தாதேங்கோ, அதுதான் வடிவு. மீனவர் சங்கத் தலைவர் அமிர்தநாயகம் ஐயாதான் பிரதம விருந்தினர். அவருக்கு நல்லாப் பிடிக்கும்."

நண்டு வலையைத் தூரத்தில் கண்டதோடு சரி, றஸ்னா ரீச்சருக்கு ஒன்றும் தெரியாது. அமிர்தநாயகத்தின் பெயரைக் கேட்டபோதுதான் பிரான்சிஸ்காவுக்குச் சங்கத்தின் கட்டுப்பாடு நினைவுக்கு வந்தது.

4

வீட்டில் எல்லாம் சொன்னாள், பிழைத்த விடையையும். கொலின்ஸ் வலைக்குப் பொத்தல் போட்டுக்கொண்டிருந்தார். (பொத்தல் அடைத்துக்கொண்டிருந்தார். பாருங்கள், என் கையும் பிழைவிடுகிறது.)

"ஆரடி உன்னை இதை எழுதச் சொன்னது?"

"வீட்டில இருந்துதான் கொண்டுவரச் சொன்னவ."

"வீட்டில வேற ஒண்டும் இல்லையோ? சீனி மணி இல்லையோ, அரிசி இல்லையோ? அமிர்தநாயகத்தார் கண்டால் ரெண்டு கிழமை நான் கரையிலதான் குந்தியிருக்கோணும், தெரியுமோ?"

போட்டைக் கிழித்துப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். மாக்கிறட்டும் அதைத்தான் கேட்டாள். கண்காட்சிப் பட்டியல் ஏற்கெனவே வலயக் கல்விக் கந்தோருக்குப் போய்விட்டது. தலைப்போடு.

கொலின்ஸ் கொஞ்சம் யோசித்தார். "அப்ப பிழையை அப்பிடியே விடு. பன்ரண்டாயிரம் கோடியெண்டால் ஆர் நம்பப் போகினம்? சின்னப்பிள்ளை ஏதோ விளையாட்டுக்கு எழுதியிருக்குதெண்டு சிரிச்சிட்டுப் போவினம்."

"எனக்குச் சரியான விடை தெரியும், அப்பா."

"திருத்தினால் எத்தினை வரும்?"

"பன்ரண்டு கோடி."

"அது குறையத்தானே?"

"ஆயிரம் மடங்கு குறைய. ஆனா அதுதான் உண்மை."

கொலின்ஸ் வலையைக் கீழே வைத்தார். பன்னிரண்டாயிரம் கோடி அவருக்கு வெறும் பகிடி. பன்னிரண்டு கோடி அப்படியில்லை, இது தன் வலையில் வந்து தன் முற்றத்தில் கழுவிப்போனது என்று அவருக்குத் தெரிந்தது. "ஒரு மாசத்திலயோ?" என்று மாக்கிறட் இரண்டு தரம் கேட்டாள். பிரான்சிஸ்காவுக்கு வெட்கமாக இருந்தது. தகப்பனை நினைத்தல்ல, தன் கையை நினைத்து. இருநூறு கோடும் அவள் போட்டவை.

5

முடிவுகளுக்கு வருவோம்.

(அ) திருத்துகிறாள். அமிர்தநாயகம் வாசிக்கிறார். கொலின்ஸின் வலை இரண்டு கிழமை பந்தலில் தொங்குகிறது. பிறகு வீட்டில் எல்லாரும் நல்லவர்களாகி… எழுதி முடித்து வாசித்தேன். பாடப்புத்தகம் மாதிரி இருந்தது. போகட்டும்.

(ஆ) பிழையாகவே விடுகிறாள். எல்லாரும் சிரிக்கிறார்கள். றஸ்னா ரீச்சர் ஒரு பார்வை பார்க்கிறா, 'உனக்கு விளங்கினது எண்டெல்லோ நினைச்சன்' என்கிற மாதிரி. மறுநாள் காலையில் வழமையான வேலை. இதை இருபது நிமிடத்தில் எழுதிவிட்டேன். இவ்வளவு லேசாக வந்ததால்தான் எனக்குச் சந்தேகம்.

(இ) அமிர்தநாயகத்தின் வீட்டிலும் ஒரு பிரஷ் இருக்கிறது. ஆகா, எனக்கு மிகவும் பிடித்த முடிவு! கொலின்ஸும் தப்பினார், பிள்ளையும் தப்பினாள், நானும் தப்பினேன். ஆனால் அந்த மனுசன் என்ன பாவம் செய்தார்? கதையை முடிக்கத் தெரியாத குற்றத்துக்கு அவர் தலையில் பழியைப் போடுவதோ? வெட்டிவிட்டேன்.

6

வெள்ளிக்கிழமை. மண்டபத்தில் மின்விசிறி சத்தம் போட்டுக்கொண்டு சுற்றுகிறது. பிரான்சிஸ்கா 11 ஐப் பிளேற்றால் சுரண்டிவிட்டாள். மாக்கர் கையில். அமிர்தநாயகம் மூன்று போட்டுகளுக்கு அப்பால் இன்பாஸின் உலகச் சனத்தொகையை வாசித்துக்கொண்டிருக்கிறார். வாசிப்பு மெதுவாகத்தான் நடக்கிறது, ஆனாலும் இந்தப் பக்கமாகத்தான் வருகிறது.

கொலின்ஸும் வந்திருக்கிறார். வருவார் என்று நான் எழுதவில்லை, தானாக வந்துவிட்டார். வெள்ளைச் சேட்டு. உள்ளே வராமல் வாசலில் நின்று மகளையே பார்க்கிறார். தலையாட்டவுமில்லை, கண்காட்டவுமில்லை. எழுது என்கிறாரா, எழுதாதே என்கிறாரா? எனக்கே தெரியவில்லை.

விடை அவளுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். நான் இத்தோடு எழும்புகிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதுங்கள். எழுதுமுன் ஒரு வேலை செய்யுங்கள்: கொலின்ஸை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த வாசலில் உங்கள் அப்பாவைக் கொண்டுவந்து நிறுத்துங்கள்.