அம்மா வழி வந்த மரபணு

திருப்பதி பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நளினி சில வருடங்களாகப் பி53 என்ற ஒரே புரதத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். செல்லின் டிஎன்ஏ சேதமானால் அந்தப் புரதம் அதைப் பற்றிக்கொண்டு, செல் பிரிவதை நிறுத்தும் மரபணுக்களை வேலைக்கு எழுப்பும். அந்தப் புரதமே கெட்டுவிட்டால் கெட்ட செல் தன் இஷ்டத்துக்குப் பெருகும்.

சித்தூர் மாங்கூழ் ஆலையில் வேலை பார்த்த அக்கா தாட்சாயணிக்கு முப்பது வயதிலேயே மார்பில் கட்டி வந்தது. அம்மாவும் சின்ன வயதில் எலும்புப் புற்றில் போனவள். நளினி தன் ரத்தத்தையும் அக்காவின் ரத்தத்தையும் பெங்களூருக்கு மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். இருவருக்கும் பி53 மரபணுவில் ஒரே பிழை.

மார்பை எடுத்த மறுவருடமே அக்காவின் தொடை எலும்பில் புதுக்கட்டி.

"அத்தப் பத்தித்தானே இத்தினி வருசமா படிச்சிக்கினு கீற? தூங்கற ஜீன எழுப்ப முடியாதா?"

"தூங்கலக்கா. அது செய்யற புரதமே கோணலா வருது. டிஎன்ஏவப் புடிக்க மாட்டேங்குது."

"நேராக்க மருந்து?"

"எலிக்கு இன்னான்னாவோ குடுத்துப் பாக்கறாங்க. மனுசனுக்கு ஒண்ணும் வரல."

"அப்ப நீயும்..." என்று ஆரம்பித்த தாட்சாயணி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அண்ணன் யஸ்வந்த் கம்ப்யூட்டர் வேலைக்கு நியூஜெர்சி போயிருந்தான். அங்கே அவனுக்கு ஒரு பெண் குழந்தை. நளினி போனில் கெஞ்சினாள்.

"டெஸ்ட் பண்ணிக்கோண்ணா. உனக்கிருந்தா பாப்பாவுக்கும் இருக்கலாம். அடிக்கடி பாத்துக்கினே இருந்தா, கட்டி சின்னதா இருக்கச்சொல்லவே எடுத்துடலாம்."

"கிரீன் கார்டு, இன்சூரன்ஸ் எல்லாம் நடுவுல நிக்குது. சுமித்ரா காதுல போட்டுடாத."

அண்ணனை மீறி அண்ணி சுமித்ராவிடம் பேச அவளுக்குத் துணிவு வரவில்லை.

ஆடியில் அக்கா இறந்தாள். விசா சிக்கல் என்று யஸ்வந்த் வரவில்லை.

அடுத்த வருடம் சுமித்ராவே கூப்பிட்டாள். குழந்தைக்குச் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பியில் கட்டியாம், நுரையீரல்வரை பரவிவிட்டதாம்.

"குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சான்னு டாக்டர் கேக்கறாரு. உங்கண்ணன் வாயே தொறக்கல. நீ சொல்லு நளினி."

"இருந்துச்சி அண்ணி. அம்மாவுக்கு. அக்காவுக்கு. அந்தப் பிழை எனக்கும் கீது."

மறுமுனையில் யஸ்வந்த் அழுவது கேட்டது.

"உங்க ரெண்டு பேருக்கும் முன்னாடியே தெரியுமா?" என்றாள் சுமித்ரா. உடனே போனை வைத்துவிட்டாள்.

குழந்தை தை மாதம்வரை உயிரோடு இருந்தது.