தேன்தின்னி

யவ்தோகா முதல் தேன்கூட்டை விரல் முட்டியால் தட்டினாள். "எஜமான் போயிட்டார். நீங்களும் போயிடாதீங்க."

அடுத்த கூடு. சாவுச் சேதி சொல்லாவிட்டால் தேனீக்கள் கூட்டத்தோடு கிளம்பிவிடும். கை தட்டிக்கொண்டிருக்க, கண் மட்டும் எதிரே இருந்த காட்டை விட்டு அகலவில்லை. நேற்று இதே இடத்தில்தான் அது அப்பாவை அடித்துப் போட்டது. இன்னும் அகப்படவில்லை.

"அக்கா, அப்பாவைத் தூக்கப் போறாங்க, வா." லிவீவ் நகரத்திலிருந்து வந்திருந்த தம்பி ஒரெஸ்த். பழஞ்சொற்களின் வம்சம் தேடுவது அவன் வேலை. "பயப்படாதே. வெத்மித் இவ்வளவு கூட்டத்துக்கு நடுவுல வராது." கரடிக்கு அவர்கள் மொழியில் அந்தப் பேர்.

பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். "மாமான்னு சொல்லுடா. பேரைச் சொன்னா வந்து நிக்கும்."

"மாமாவா? உட்கார வெச்சு வோட்கா ஊத்துவியா?" சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "அது பேரே இல்லக்கா. நாம வெத்மித்ங்கிறோம், செர்பியாக்காரன் மெத்வெத்ங்கிறான், போலந்துக்காரன் நிஜ்வெஜ்ங்கிறான். எல்லாம் ஒரே பாட்டன் வயித்துப் பேரன்கள். பாட்டனை யாரும் எழுதி வைக்கல. பேரன்கள் ஜாடையை வெச்சுத்தான் அவன் முகத்தை வரைஞ்சோம். அர்த்தம் தேன்தின்னி. அசல் பேரைச் சொல்லப் பயந்து வெச்ச பேரு அது."

"அசல் பேரு?"

"நம்ம ஆளுங்க ஒளிச்சு வெச்சாங்க. ஒளிச்ச இடம் மறந்துபோச்சு."

அவள் உதடு வெளுத்தது. "அப்போ வெத்மித்னு கூப்பிட்டா அதுக்குத் தெரியாது?"

"தெரியாது."

"நேத்து அது அவர் முதுகுக்குப் பின்னாடி நின்னுச்சு, ஒரெஸ்த். பேரைச் சொல்ல நாக்கு எழல. 'அப்பா'ன்னு மட்டும் கத்தினேன். அவர் என்னைப் பார்த்துத் திரும்பினார், அதைப் பார்க்கல."

ஒரெஸ்த் குனிந்து அடுத்த கூட்டைத் தட்டினான்.

கல்லறைக்குக் காட்டுப் பாதைதான். சவப்பெட்டியின் முன்பக்கத்துக்குத் தோள் கொடுத்து அவன் நடந்தான். கையில் மெழுகுவத்தியோடு அவள் பின்னால். பாதி வழியில் அவனுக்கு வலப்புறம் புதர் முறிந்தது. பழுப்பாக ஏதோ அசைந்தது.

"வெத்மித்!"

அவள் குரல்தான். சவப்பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. ஒரெஸ்த் புதரைத்தான் பார்த்தான், அவளைப் பார்க்கவில்லை.

அறுந்த கயிற்றை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பசு வெளியே வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. பாதிரியார் மெல்லச் சிலுவை போட்டுக்கொண்டார். சவப்பெட்டி மறுபடி நிமிர்ந்து நகர்ந்தது. அவள் பிடியில் மெழுகுவத்தி ஒடிந்திருந்தது. அப்பாவின் தேன்கூட்டு மெழுகு, சூடாக வழிந்து, விரல்களை ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது. கல்லறை வரை அவள் அவற்றைப் பிரிக்கவில்லை.