ஐம்பத்தாறு சதவீதம்

நவம்பரிலிருந்து தம்பி ஃப்ளூரினின் துப்பாக்கியிலிருந்து கழற்றிய போல்ட், குண்டை வெடிக்க வைக்கும் இரும்புத் துண்டு, என் சாப்பாட்டு டப்பாவில்தான் இருந்தது, ரொட்டிக்கும் பாலாடைக்கட்டிக்கும் அடியில். போல்ட் இல்லாத துப்பாக்கி வெறும் தடி. கட்டாய ராணுவப் பயிற்சிக்காக சுவிஸ் ராணுவம் அவனுக்குக் கொடுத்த துப்பாக்கி அது. ஊரில் மற்ற பையன்களின் வீடுகளில் போலவே அவன் அலமாரியில் நின்றது. அவன்தான் கட்டிலை விட்டு எழுவதில்லை. "இருந்து என்னண்ணா ஆகப்போகுது?" என்று இரண்டு முறை கேட்டிருந்தான். எனக்கு ரொட்டி ஆலையில் இரவு வேலை. நான் இல்லாத நேரத்தில் அது வீட்டில் இருக்கக் கூடாது.

ஜனவரியில் அப்பா கண்டுபிடித்துவிட்டார். அவர் ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தின் தலைவர்.

"ராணுவச் சொத்தைத் திருடுறியா? படிப்பையே முடிக்காதவன், வீட்டைக் காப்பாத்த வந்துட்டான்."

"துப்பாக்கியை ராணுவக் கிடங்குல ஒப்படைச்சிடலாம்ப்பா."

"ஊர் சிரிக்கும்டா. என் பையனுக்குக் கிறுக்குன்னு நானே எழுதிக் குடுக்கவா?"

கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். பிப்ரவரியில் நாடே வாக்களிக்கப் போகிறது: வீட்டிலிருக்கும் ராணுவத் துப்பாக்கிகள் கிடங்குக்குப் போக வேண்டுமா, வேண்டாமா. அதுவரை போல்ட் என்னிடம். பிறகு மக்கள் சொன்னபடி. கை குலுக்கினோம். ஜெயிப்போம் என்று நம்பினேன்.

அந்த ஞாயிறு மதியம் வானொலி சொன்னது: வேண்டாம், ஐம்பத்தாறு சதவீதம். அப்பா சூப் கிண்ணத்தைத் தள்ளிவிட்டுக் கையை நீட்டினார்.

"எடு."

அன்று ஃப்ளூரினும் கீழே வந்து உட்கார்ந்திருந்தான். "நான் வேணும்னு போட்டேன்ப்பா," என்றான்.

"என்ன வேணும்னு?"

"துப்பாக்கியை எடுத்துட்டுப் போகட்டும்னு."

அம்மா கரண்டியை வைத்துவிட்டு அப்பாவிடம் திரும்பினாள். "கியான், பையன் சொல்றதைக் கேளுங்க."

"தோத்துட்டீங்கடா," அப்பா சிரித்தார். "அதுக்குத்தானே எண்ணுறாங்க."

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் கை குலுக்கியிருந்தேன். தோற்ற பிறகு முரண்டு பிடிப்பவனை எங்கள் பள்ளத்தாக்கில் மனிதனாக மதிக்க மாட்டார்கள். டப்பாவைத் திறந்தேன்.

அப்பா போல்ட்டை வாங்கித் தம்பியிடம் நீட்டினார். "உன் துப்பாக்கி, உன் பொறுப்பு." ஃப்ளூரின் அதில் ஒட்டியிருந்த வெண்ணெயைத் துடைத்துக்கொண்டு மாடிக்குப் போனான்.

புதன்கிழமை காலை ஆலையிலிருந்து திரும்பியபோது வாசலில் போலீஸ் கார் நின்றது. அம்மா பனியில் வெறுங்காலோடு நின்றாள்.

மே மாதம் அடுத்த வாக்கெடுப்புக்கு ஆளுக்கொன்றாக வாக்குச்சீட்டு உறைகள் வந்தன. பிப்ரவரியில் நான்கு, இப்போது மூன்று. ஊராட்சி அலுவலகம் இதிலெல்லாம் தப்பு செய்யாது. அப்பா சீட்டை நிரப்பிக் கையெழுத்துப் போட்டார்.

நானும் போட்டேன்.