கலவை இறுகுவதற்குள்

ஈரத் துணியைக் கரண்டிக் காம்பால் ஜன்னல் இடுக்கில் திணித்துக்கொண்டிருந்தபோது, கட்டிலில் கணவரின் உதடு மறுபடி அசைவதைப் பார்த்தாள். கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து வாயருகே காதை வைத்தாள். மூச்சின் சூடு தெரிந்தது, சொல் தெரியவில்லை. எதிர் மனையில் கான்கிரீட் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

"தண்ணி வேணுமா?"

இல்லை என்று தலையை லேசாக அசைத்தார். திரும்பிப் படுக்க வேண்டுமா என்று கேட்டாள். அதுவும் இல்லை. மகள் ரயில் ஏறிவிட்டாள், சாயந்தரம் வந்துவிடுவாள் என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நேற்றிலிருந்து இதே கதைதான். அவர் எதையோ சொல்கிறார், இவள் ஊரில் உள்ளதையெல்லாம் கேட்கிறாள். அவர் பார்வை ஜன்னல் பக்கம் போகும்போதெல்லாம் சத்தம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று இன்னொரு துணியை எடுத்து வந்து திணிக்கிறாள். இனித் திணிக்க வீட்டில் துணி இல்லை.

எதிரே முன்பு ஒரு பெரிய துணிக்கடை இருந்தது. அதை இடித்துவிட்டு, கீழே ஹோட்டல், மேலே அடுக்குமாடி வீடுகள் என்று கட்டுகிறார்கள். வேலியில் பெரிய படம் வைத்திருக்கிறார்கள். பால்கனியில் ஒருத்தி காப்பிக் கோப்பையோடு நிற்கிறாள். இவர்கள் குடியிருக்கும் கட்டிடம் இருக்க வேண்டிய இடத்தில், படத்தில் மரங்கள். நடமாட்டம் இருந்த நாட்களில் அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். "பரவாயில்ல, நம்மள மரமாத்தான் ஆக்கியிருக்காங்க. குப்பைத் தொட்டியா ஆக்கல."

அவருக்கு அந்த ஹோட்டல்மேல் கோபமே வராது. எப்படி வரும்? நகரின் நடுவில் நிற்கும் பாதிக் கட்டிடங்களுக்குப் பம்ப் ஓட்டியவர். குழாய் முனையில் நிற்பவன் கை காட்ட, தூரத்தில் நின்று கலவையை அனுப்புவது அவர் வேலை. கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினால் ஓட்டு. இரண்டு கையையும் குறுக்கே வைத்தால் நிறுத்து. அந்தச் சத்தத்தில் வேறு பாஷை கிடையாது. வீட்டுக்கும் அதையே கொண்டுவந்தார். சாதம் போதும் என்றால் கையைக் குறுக்கே வைப்பார். சண்டையிலும் அப்படித்தான். இவள் நியாயமாக நாலு வார்த்தை கேட்க ஆரம்பித்தால் அவர் கை குறுக்கே போய்விடும். அதைப் பார்த்தாலே இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்யாணமான நாளாக ஒரு பேச்சை முழுசாக முடித்ததில்லை.

இப்போது அவரே பேச வருகிறார், கேட்கத்தான் முடியவில்லை. இன்று தாண்டாது என்று காலையில் வந்த நர்ஸ் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அவர் என்ன சொல்கிறார் என்று தெரியாமல் போய்விட்டால், மிச்ச நாளெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு கிடக்க வேண்டும். அது அவளுக்குப் பயமாக இருந்தது. கதவைச் சாத்திவிட்டுப் படியிறங்கினாள். லிப்ட் நின்று பல மாதம் ஆகிறது. பாதி வீடுகள் காலி. யாரையாவது அவர் பக்கத்தில் உட்காரச் சொல்லலாம் என்றால் தட்டுவதற்கு ஒரு கதவு இல்லை.

எதிர் மனையில் நின்ற மேஸ்திரி அவரோடு பல இடங்களில் வேலை செய்தவர். இவளைக் கண்டதும் முகம் மாறி ஓடிவந்தார். அவள் அவர் காதுக்கருகில் கத்த வேண்டியிருந்தது.

"கொஞ்ச நேரம் நிறுத்துங்க. அவர் என்னமோ சொல்றாரு, எனக்குக் கேக்கல."

மேஸ்திரி திரும்பிப் பள்ளத்தைப் பார்த்தார். கம்பி கட்டிய தரை பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. வாசலில் கலவை லாரிகள் வரிசையில் நின்றன.

"அடித்தளம் அண்ணி. பாதியில நிறுத்தினா குழாய்க்குள்ள இறுகிடும். போட்டதும் புதுசும் ஒட்டாது." பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "சின்னதா ஒரு இடைவெளி தாங்கும். லாரிய எல்லாம் தெருமுனைக்கு அனுப்பிடறேன். அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, என்னைத் திட்டுவாரு."

மேஸ்திரி பம்ப் பக்கம் திரும்பிக் கைகளைக் குறுக்கே உயர்த்தினார்.

அவள் படியேறும்போதே அமைதி வந்துவிட்டது. தன் செருப்புச் சத்தம் தனக்கே கேட்டது ஆச்சரியமாக இருந்தது. மூச்சு வாங்க உள்ளே வந்து கட்டிலில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

"இப்ப சொல்லுங்க. கேக்குது."

அவர் கண்ணைத் திறந்தார். மகளைப் பற்றி இருக்கலாம். தன்னைப் பற்றியும் ஏதாவது இருக்கலாம். ஆசைப்படுவதற்கென்ன, அவள் ஆசைப்பட்டாள்.

"ஜன்னலத் தொற" என்றார்.

அவளுக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. இரண்டு நாளாக அவர் கேட்டது இதைத்தான். இரண்டு நாளாக அவள் துணி திணித்துக்கொண்டிருந்திருக்கிறாள். சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷனுக்கு என்னிடம் சொல்ல வேறு ஒன்றுமே இல்லையா என்று வாய்வரைக்கும் வந்தது. எழுந்துபோய்த் துணிகளைப் பிடுங்கித் தரையில் எறிந்தாள். ஜன்னல் திறந்ததும் ஈரச் சிமெண்ட் வாசனை உள்ளே வந்தது. தலையணையை உயர்த்தி அவரை நிமிர்த்தினாள். அங்கிருந்து பார்த்தால், பம்ப் நீட்டிய குழாயின் வளைவும் பள்ளத்தின் ஓரமும் தெரியும். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் நிறுத்திட்டான்?"

"நான்தான் நிறுத்தச் சொன்னேன். நீங்க பேசறது கேக்கலன்னு."

அவர் அவளையே பார்த்தார். கோபமில்லை. இத்தனை வருஷத்தில் அவருக்காக எந்த வேலையும் நின்றதில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவர் உதடு ஓரம் மெல்ல விரிந்தது.

"இறுகிடும். ஓட்டச் சொல்லு."

"ஓட்டினா நீங்க சொல்றது எனக்குக் கேக்காது."

"ஓட்டச் சொல்லு."

அவள் ஜன்னலருகே போய் நின்றாள். இந்த அமைதியை அவள் வாழ்க்கையில் ஒருமுறைதான் கேட்டு வாங்கியிருக்கிறாள். கீழே ஆட்கள் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்கள். மேஸ்திரி இந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கையைத் தூக்கிச் சுழற்றினாள். கீழே யாரும் நகரவில்லை.

"தலைக்கு மேல தூக்கு" என்றது பின்னாலிருந்து குரல். "இல்லன்னா அவன் கண்ணுக்குத் தெரியாது."

அவள் நுனிக்காலில் எக்கிக் கையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றினாள். மேஸ்திரி அதே மாதிரி சுழற்றினார். பம்ப் இருமிக்கொண்டு கிளம்பியது. கண்ணாடிகள் அதிர்ந்தன.

அவள் திரும்பியபோது அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் இருக்காது. அவள் குனிந்து கேட்கப் பார்க்கவில்லை. கேட்டது போலத் தலையை ஆட்டினாள். அவருக்கு அது போதுமாக இருந்தது. முகத்தைக் குழாயின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து காலியாகிப் போயின. எந்த லாரியின்போது அவர் மூச்சு நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் அவர் விரல்களுக்கு இடையில் தன் விரலை வைத்திருந்தாள், அவர் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தது. பிறகு வேறு மாதிரி கனத்தது. அவர் கண்ணை மூடிவிட்டாள். கீழே போய்ச் சொன்னால் மேஸ்திரி எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு ஓடிவருவார். அதனால் சொல்லவில்லை. அழவும் இல்லை. அழுதிருந்தாலும் யாருக்கும் கேட்டிருக்காது. ஜன்னலில் படிந்த தூசியைத் துடைக்கத் தோன்றியது, துடைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

வெயில் சாய்ந்தபோது கடைசி லாரி போயிற்று. மேஸ்திரி கைகளைக் குறுக்கே உயர்த்தினார். பம்ப் நின்றது. அவர் தலைக்கவசத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இந்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தார், முடிந்துவிட்டது என்று அண்ணனிடம் சொல்லுங்கள் என்பதுபோல மறுபடி ஒருமுறை கையைக் குறுக்கே காட்டினார்.

அவள் ஜன்னலுக்கு வந்தாள். அவர்கள் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் குறுக்கே வைத்தாள்.