ஒன்பது சீசா மண்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், கண்ணுகளா. உட்காரவே முடியாமல் தவித்த ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

அவளுடைய அப்பா கூடத்தில் கிடந்தார். விடியற்காலையில் அடங்கிய மூச்சு. ஓரிடத்தில் நிற்காமல் வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்த மகள், ஐந்தாவது ஆளிடம் நீட்டும்போதுதான் கையிலிருந்ததைப் பார்த்தாள். டம்ளர் இல்லை. வாயகன்ற கண்ணாடிச் சீசா. வருடம் எழுதி ஒட்டிய தாள் உரிந்த தடம் தெரிந்தது.

அடுக்களைக்கு ஓடினாள். ஒன்பது சீசாவில் மீதி நான்கும் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. பக்கத்தில் அப்பாவின் அக்கா.

"அத்தை, இதுல இருந்த மண்ணு?"

"பூச்செடிக்குக் கொட்டிட்டேன். வர்றவங்களுக்கு டம்ளர் பத்தலடி. உங்கப்பன் என்னடான்னா அலமாரி பூரா மண்ண அடைச்சு வெச்சிருக்கான், புதையல் காக்கிற பூதமாட்டம்!"



அப்பா சுரங்கத்தில் பாறை அளந்தவர். சுரங்கத்தை மூடிய பிறகு, வீட்டுக்குப் பின்னால் குவிந்து கிடந்த கழிவுக்கல்லை அவர் நம்பவேயில்லை. "கல்லு சும்மா கெடக்குன்னு நெனைக்காத. மழையக் குடிச்சுக் குடிச்சு உளுத்துப்போகுது. உள்ள இருக்கிற செம்பும் ஈயமும் கரைஞ்சு மண்ணுக்குள்ள நடக்குது. நம்ம கெணத்தப் பாத்துத்தான் நடக்குது" என்பார்.

"தண்ணி நல்லாத்தானேப்பா இருக்கு?" என்பான் தம்பி. "எந்த வேகத்துல வருதுன்னு காட்டுங்க, வேற பக்கம் கெணறு வெட்டறேன்."

அதற்காகத்தான் குவியலுக்கும் கிணற்றுக்கும் நடுவே, வருடத்துக்கு ஒரு சீசா, மூன்றடி ஆழத்து மண். பத்தும் சேர்ந்தால்தான் சோதனைக்கு அனுப்புவேன் என்று பிடிவாதம். ஒன்பதோடு போய்ச் சேர்ந்துவிட்டார். தம்பி மனைவிக்கு இது எட்டாம் மாதம்.

மகள் பூச்செடியின் அடியில் குந்தினாள். ஒன்பது வருட மண்ணும் தண்ணீரில் குழைந்து ஒரே சேறாகக் கிடந்தது. விரலால் கிளறினாள். எழுந்தாள். கூடத்துக்குப் போய் அப்பாவைப் பார்த்தாள். மறுபடி பின்பக்கம் வந்தாள். சுவரில் சாய்ந்திருந்த, அப்பா மண்ணெடுக்கும் துளைக்கோலை எடுத்து, குவியலுக்கும் கிணற்றுக்கும் நடுவே தரையில் ஊன்றித் திருகத் தொடங்கினாள்.

தம்பி வந்தான். "அக்கா, எடுக்கிற நேரமாச்சு. இப்பப் போயி என்ன பண்ற?"

"இந்த வருஷத்தது எடுக்கல."

"எல்லாம் போச்சே. ஒண்ண வெச்சு என்ன பண்ணுவ?"

"அடுத்த வருஷம் ரெண்டாகும்."

"அதுவரைக்கும்?"

"தெருக்குழாய்ல புடிச்சுத் தூக்கிட்டு வா. பொறக்கப்போறது உன் புள்ளதானே?"

அவன் கிணற்றைப் பார்த்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு கைப்பிடியின் மறுபக்கத்தைப் பிடித்தான். கோல் இறங்கியது.

மூன்றடி மண் மேலே வந்தபோது அத்தை பின்னால் நின்றிருந்தாள். கையில் ஒரு சீசா.

"ஈரம் இல்லடி. மூணு தடவ தொடச்சிட்டேன்" என்றாள். சொல்லிவிட்டு, இன்னொரு தடவையும் துடைத்தாள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டுத் தண்ணீர், இனிப் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்கும் தெளிந்தே இருக்கட்டும்.