சுவரில் ஆறு வருடம்

டிவி அலமாரிக்குப் பின்னால் தோள் வரைக்கும் கையை விட்டு, எது கேபிள் ஒயர், எது கரண்ட் ஒயர் என்று தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தான் மகன். ஒட்டடை மூக்கில் ஏறியது. தும்மல் வந்தது, மென்று முழுங்கினான். நாலடி தள்ளி, ஹாலின் நடுவில் போட்ட கட்டிலில் அம்மா கண்ணை மூடிப் படுத்திருந்தாள். கண்ணை மூடியிருப்பதால் அவள் தூங்குகிறாள் என்று நம்புகிற அளவுக்கு அந்த வீட்டில் யாரும் ஏமாளி இல்லை.

"என்னடா குடையிற அங்க?"

"தூசி தட்டுறேன்மா."

"பொறந்ததுலேர்ந்து தட்டாத தூசி," என்றாள் அம்மா. மூன்று வார்த்தைக்கு நடுவில் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள்.

கேபிள் அவன் கையோடு வந்துவிட்டது. மணி ஆறே முக்கால். ஏழரைக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.

காலையில் வந்த டாக்டர், அவனையும் அக்காவையும் வாசலுக்குக் கூட்டிப் போய், இன்றைய பொழுதைத் தாண்டினால் பெரிய விஷயம் என்று சொல்லியிருந்தார். கேட்பதைக் கொடுங்கள், மனசு நோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மா பெரிதாக எதையும் கேட்கவில்லை. ஏழரை மணி சீரியலைக் கேட்டாள். உலகத்தில் வேறு எதைக் கேட்டிருந்தாலும் ஓடிப்போய் வாங்கி வந்திருப்பான். இன்றைக்கு அந்த அரைமணி நேரத்தை மட்டும் அவளுக்குக் காட்ட அவனுக்குத் தைரியம் இல்லை.

அவன் வேலை பார்ப்பதே அந்த சீரியலில்தான். நடிக்கிற ஆள் இல்லை, சாமான் பார்க்கிற ஆள். கதாநாயகி ஒரு காட்சியில் நீல டம்ளரை இடது கையில் வைத்திருந்தால், பத்து நாள் கழித்து எடுக்கிற அடுத்த காட்சியிலும் அதே நீல டம்ளர் அதே இடது கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் நாடு முழுக்க உள்ள பெண்கள் போன் போட்டுக் கிழித்துவிடுவார்கள். படப்பிடிப்பில் அவனுக்குப் பெயரே 'சாமான்' என்று ஆகிப்போனது. வீட்டில் அதைச் சொல்லிக் கூப்பிட்டு அம்மா சிரிப்பாள்.

ஆறு வருடத்துக்கு முன்னால் ஒருநாள், கதையில் மாமியாராக நடித்த அம்மணி இயக்குநரோடு சண்டை போட்டுக்கொண்டு வேறு சானலுக்குப் போய்விட்டார். போகிற போக்கில், இனி என் முகம் ஒரு நொடிகூட அந்த சீரியலில் வரக்கூடாது, படமாகக்கூட வரக்கூடாது என்று வக்கீலை வைத்து எழுதி அனுப்பிவிட்டார். எழுத்தாளர் என்ன செய்வார் பாவம், மாமியாரை பஸ் விபத்தில் கொன்றார். விபத்தைக் காட்டவில்லை, போன் வருவதை மட்டும் காட்டினார். ஆனால் செத்தவளுக்குச் சுவரில் ஒரு படமாவது வேண்டாமா? 'இளமையில் எடுத்த படம்' என்று வசனத்தில் சமாளித்துக்கொள்ளலாம், ஒரு மணி நேரத்தில் ஏதாவது ஒரு பெண் படம் வேண்டும் என்று இயக்குநர் குதித்தார். சாமான் வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். பீரோவில் இருந்த அம்மாவின் இருபத்தைந்து வயசுப் படத்தைச் சட்டத்தோடு தூக்கிக்கொண்டு போனான். அம்மா அப்போது கடைக்குப் போயிருந்தாள். ஒரே ஒரு காட்சிதானே, மறுநாள் கொண்டுவந்து வைத்துவிடலாம் என்று நினைத்தான்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம் உண்டு. ஒருதடவை திரையில் தெரிந்த பொருள், கதை சொல்லாமல் இடம் மாறக்கூடாது. இதை எல்லாருக்கும் சொல்லிக்கொடுக்கிறவனே அவன்தான். அன்றைக்கு அவசரத்தில் அவனுக்கே மறந்துபோயிற்று. படம் ஆறு வருடம் சுவரிலேயே இருந்தது, கீழே ஒரு சின்ன மஞ்சள் பல்பு எரிய.

முதல்நாள் அதைப் பார்த்த ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. அக்காதான் தொலைபேசியில் கத்தினாள். அவள் பள்ளிக்கூட டீச்சர், தப்பைச் சிவப்பு மையில் சுழித்தே பழகியவள். "உயிரோட இருக்கிறவ படத்தைக் கொண்டுபோய் செத்தவன்னு மாட்டியிருக்கியே, உனக்கு புத்தி இருக்கா?" என்றாள். அவன் வேலையை விட்டுவிடுவதாகச் சொன்னான். விட்டுவிடத்தான் இருந்தான். மறுநாள் காலையில் அம்மா காபியைக் கொண்டுவந்து நீட்டி, "ஒரு ஆளுக்கு ரெண்டு தடவையாடா சாவு வரும்? எனக்கு வர வேண்டியது அங்கயே தங்கிடுச்சு. படம் இருக்கிறவரைக்கும் எனக்கு ஒண்ணும் ஆகாது, போ," என்றாள். அந்த ஒரு பேச்சில் அவன் மனசு லேசாகிவிட்டது. அதற்குப் பிறகு அவளே எதிர்வீட்டுத் தையல்காரியிடம், "நேத்து என் முகத்துல வெளிச்சமே விழல, லைட்டு போடுறவனை மாத்தச் சொல்லணும்," என்று சொல்லிச் சிரிப்பதைக் கேட்டிருக்கிறான்.

அம்மாவும் தையல்காரியும் அந்த சீரியலுக்கு நீதிபதிகள் மாதிரி. ஓடிப்போன நடிகை பக்கம்தான் நியாயம் என்று தையல்காரி சொன்னதற்கு, இருவரும் நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. எழுத்தாளர் மாறினால் இரண்டே காட்சியில் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். "இது வேற ஆளு எழுதுறான். அவன் எழுதினா பொம்பளைங்க இவ்வளவு அழ மாட்டாங்க." ஒரு நடிகர் அடிக்கடி வாசல் பக்கமாக நின்று பேசினால், ஆள் கிளம்பப் போகிறார் என்பாள். பத்துக்கு எட்டு தடவை சரியாக இருக்கும்.

இப்போது புது எழுத்தாளர் வந்திருக்கிறார். பார்க்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று சானலில் கூடிப் பேசி, மாமியார் சாகவே இல்லை, திரும்பி வருகிறாள் என்று முடிவு செய்துவிட்டார்கள். வருகிறவள் புது நடிகை. படம் இனி எதற்கு? மூன்று வாரத்துக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்றரைக்கு, கதாநாயகன் அதைக் கழற்றுகிற காட்சியை எடுத்தார்கள். 'கட்' சொன்னதும் படத்தை அவர் கையிலிருந்து சாமான்தான் வாங்கினான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே சட்டைப் பையில் போன் அடித்தது. அம்மா சமையல்கட்டில் விழுந்துவிட்டாள் என்று தையல்காரி சொன்னாள்.

அவன் யாரிடமும் இதைச் சொல்லவில்லை. படித்தவன், இதெல்லாம் சும்மா என்று அவனுக்குத் தெரியும். தெரிந்து என்ன செய்ய, அன்றிலிருந்து உள்ளே ஒரு பயம் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. அந்தக் காட்சி இன்று ஒளிபரப்பாகிறது. அதை மட்டும் அம்மா பார்க்காமல் இருந்தால் போதும், இந்த ராத்திரியைத் தாண்டிவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றியது. அந்த எண்ணத்தை எவ்வளவு திட்டினாலும் அது போகவில்லை.

ஏழு மணிக்கு அக்கா கரண்டியால் வெந்நீர் கொடுத்தாள். அம்மா பாதியைக் குடித்து, பாதியை விட்டாள். அக்காவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சீரியல்ல எல்லாரையும் ஒரே ஹால்ல கொண்டுவந்து நிறுத்துறாங்கன்னா, ஒண்ணு கல்யாணம், இல்ல சாவு," என்றாள். "எனக்குக் கல்யாணம் ஆயிடுச்சு."

"கம்முனு இருக்கியாம்மா," என்றாள் அக்கா. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஏழரைக்கு அவன் டிவியைப் போட்டான். பையிலிருந்த பென் டிரைவை முன்பே சொருகி வைத்திருந்தான். ஒன்றரை வருடத்துப் பழைய எபிசோட். சுவரில் படம் நன்றாகத் தெரிகிற நாளாகப் பார்த்து எடிட்டரிடம் கேட்டு வாங்கி வந்தது. பாட்டு ஓடியது. கூடம் வந்தது, மாடிப்படி வந்தது, மஞ்சள் பல்போடு படம் வந்தது. இருபத்தைந்து வயசு அம்மா சுவரிலிருந்து ஹாலைப் பார்த்தாள்.

அப்புறம் சோபாவில் வந்து உட்கார்ந்தார் பெரியவர். கதாநாயகனின் தாத்தாவாக நடித்தவர். அவர் போன வருடமே இறந்துவிட்டார். அம்மாவும் தையல்காரியும் அதற்காக ஒருநாள் முழுக்க அழுதிருக்கிறார்கள். டம்ளர் எந்தக் கையில் என்று பார்க்கிறவன், உயிரோடு இருக்கிறவர் யார், இல்லாதவர் யார் என்று பார்க்காமல் விட்டான்.

அம்மா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நல்ல மனுஷன்," என்றாள். அவ்வளவுதான்.

கண்டுபிடித்துவிட்டாளா, மருந்து மயக்கத்தில் சொல்கிறாளா என்று அவனுக்குப் புரியவில்லை. அதை யோசிப்பதற்குள், திறந்திருந்த ஜன்னல் வழியாக அதே பாட்டு இன்னொரு தடவை வந்தது. எதிர்வீட்டுத் தையல்காரி, மிஷின் சத்தத்தை மீறிக் கேட்க வேண்டும் என்று எப்போதும் டிவியை அலறவிடுகிறவள். மாடி வீட்டிலிருந்தும் அதே பாட்டு, தெருக்கோடி வீட்டிலிருந்தும் அதே பாட்டு. கேபிளைப் பிடுங்கியவன் தெருவை மறந்துபோனான். எழுந்து ஜன்னலைச் சாத்தப் போனான்.

"அதை விடு," என்றாள் அம்மா. "நம்ம சத்தத்தைக் குறை."

குறைத்தான்.

"இன்னும்."

முழுக்கவும் குறைத்தான். அவர்கள் வீட்டுத் திரையில் பெரியவர் சத்தமில்லாமல் எதற்கோ சிரித்தார். எதிர்வீட்டிலிருந்து கதாநாயகனின் குரல் தெளிவாக வந்தது. "அம்மா உயிரோட இருக்காங்க. அப்புறம் இந்தப் படம் எதுக்கு இங்க?" மூன்று தடவை டமடமவென்று இசை இடித்தது. யாரோ விசும்பினார்கள். ஸ்டூலை இழுக்கிற சத்தம் கேட்டது. இங்கே, படம் அதே சுவரில் அதே வெளிச்சத்தில் இருந்தது.

"அவன் கையிலேர்ந்து யாரு வாங்கினது?" என்றாள் அம்மா.

"நான்தான்மா."

"எப்ப எடுத்தாங்க?"

"மூணு வாரம் இருக்கும்."

"செவ்வாய்க்கிழமையா?"

அவன் தலை குனிந்துகொண்டான். அம்மா கையை நகர்த்தினாள். அவன் விரல் வரைக்கும் எட்டவில்லை, அவன்தான் எடுத்துப் பிடித்துக்கொண்டான். கை குளிர்ந்திருந்தது.

"அதுக்குத்தான் இந்தக் கூத்தா," என்றாள். "ஒயரைப் பிடுங்கி, பழசைப் போட்டு."

"அம்மா, நீதானே சொன்ன, படம் இருக்கிறவரைக்கும்..."

"நீ வேலையை விட்டுடுவேன்னு சொன்ன. அதுக்காக ஏதோ சொன்னேன்." ரொம்ப நேரம் மூச்சைத் தேடினாள். "எனக்கு அதைப் பாக்கவே பயம்டா. தெனமும் பயம். அது வர்றப்ப கண்ணை மூடிப்பேன். எதிர்வீட்டுக்காரி கேலி பண்ணுவாளேன்னு நானே முந்திக்கிட்டு சிரிப்பேன்."

ஆறு வருடம். தினமும் ஏழரைக்கு. மகன் வேலை பார்க்கிற சீரியல் என்று ஒருநாள் விடாமல் உட்கார்ந்து பார்த்தவள். அவனுக்கு அழுகையாக வந்தது, அழுதான். அம்மா தடுக்கவில்லை.

"இறக்கிட்டீங்கல்ல," என்றாள். "நிம்மதியாச்சு."

எதிர்வீட்டில் விளம்பரம் வந்தது. அவன் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டான். பதில் இல்லை. மறுபடியும் கேட்டான். அக்கா ஓடி வந்து மூக்கருகில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் எடுக்காமல் அப்படியே வைத்திருந்தாள். பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

எட்டு மணிக்குத் தையல்காரி வந்துவிட்டாள். கழுத்தில் இன்ச் டேப் தொங்கிக்கொண்டிருந்தது, அவள் கவனிக்கவில்லை. அக்காவும் அவளுமாக அம்மாவுக்குச் சேலை மாற்றினார்கள். அவன் திரும்பி நின்று, டாக்டருக்குப் போன் போட்டான். மாமாவுக்குப் போட்டான். மூன்றாவதாக யாருக்குப் போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது போன் தானாக அடித்தது. தயாரிப்பு மேனேஜர்.

"சாமான், எங்க இருக்க? இங்க மானம் போகுது. நேத்து முன்னோட்டம் போட்டதுலேர்ந்து சானலுக்கு திட்டுதான். ஆறு வருஷம் அழுதோமே, எங்களை என்ன முட்டாள்னு நினைச்சீங்களான்னு பொம்பளைங்க கேக்கிறாங்க. இப்ப உக்காந்து கதையை மாத்தியாச்சு. வந்தவ போலி. அம்மா செத்தது செத்ததுதான். கேக்குதா?"

"கேக்குது சார்."

"காலையில ஆறு மணிக்கு ஷாட். படத்தை மறுபடி மாட்டணும். அதே படம்தான் வேணும், வேற எதையாவது வச்சா கண்டுபிடிச்சிடுவாங்க. கோடவுன்லதானே இருக்கு?"

ஹாலில் அக்கா அம்மாவின் தலையை மடியில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தாள். தையல்காரி ஊசியில் நூல் கோத்து, ஜாக்கெட்டின் தோளைப் பிடித்துத் தைத்தாள். மூன்று வாரத்தில் அம்மா அவ்வளவு இளைத்துப் போயிருந்தாள்.

"அந்தப் படத்தைத் தர முடியாது சார்," என்றான்.

"ஏன், உடைஞ்சு போச்சா?"

"இல்ல சார். வீட்டுக்கு வேணும்."

"வீட்டுல அதை வச்சு என்னய்யா பண்ணப் போற?"

சாமான் போனைக் காதில் வைத்துக்கொண்டே, ஹாலில் எந்தச் சுவரில் மாட்டலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தான்.