சின்னப்பொண்ணுக்குக் கை முளைத்த கதை

பெண் பார்க்கப் போகும்போது அத்தைமார்களின் வாயைக் கட்டித்தான் கூட்டிப்போக வேண்டும். ராணியம்மாளை அப்படிக் கட்டாமல் கூட்டிப்போனதுதான் கிறிஸ்துதாஸ் செய்த முதல் தப்பு.

தியாகதுருகத்தில் நான்சியின் வீட்டுக் கூடம். மிக்சரும் காபியும் வந்தாயிற்று, பேச்சு கொஞ்சம் தொய்ந்து கிடந்தது. அந்த நேரம் பார்த்து நான்சியே வாயைத் திறந்து கேட்டாள். "வேலை போக மிச்ச நேரத்துல இன்னா பண்ணுவீங்க?"

கிறிஸ்துதாஸுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு மோட்டார் ரீவைண்டிங் கடையில் வேலை. எரிந்துபோன போர்வெல் மோட்டாரைப் பிரித்து, உள்ளே புதுச் செம்புக் கம்பியைக் காயிலாக, சுருள் சுருளாகச் சுற்றிக் கொடுப்பான். கைத்தொழிலில் கெட்டிக்காரன். மிச்ச நேரத்தில் சங்கராபுரத்து வீட்டுக்கு வந்து தூங்குவான். அதைத்தான் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அத்தை முந்திக்கொண்டாள்.

"படம் வரைவான்மா! ஆள நிக்க வச்சா அப்படியே உரிச்சு வச்சிடுவான்!"

அடப்பாவி அத்தை! எட்டாம் வகுப்பில் அவன் தவளையின் இதயம் வரைந்ததும், "இது கத்திரிக்காயாடா?" என்று டீச்சர் கேட்டதும்தான் அவனுடைய ஓவிய வாழ்க்கை முழுவதும். இல்லை என்று அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நான்சியின் முகம் பளிச்சென்று மலர்ந்துவிட்டதே, அவன் என்ன செய்வான்? மிக்சரை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு சிரித்துவைத்தான்.

நான்சி கல்வராயன் மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். "எங்க ஊசி ரூம்ல சுவரு வெறும் வெள்ளையா கிடக்குது. புள்ளைங்க வாசப்படி மிதிக்கும்போதே கத்த ஆரம்பிச்சிடுதுங்க. தைரியமா ஊசி போட்டுக்கிற மாதிரி ஒரு சின்னப் பொண்ணு வரைஞ்சு தர்றீங்களா? கல்யாணத்துக்கு முன்னாடி?" என்றாள்.

"தாராளமா" என்றான். அந்தத் தாராளம் எங்கிருந்து வந்ததோ, ஆண்டவருக்கே வெளிச்சம்.

கல்யாணம் முடிவானது. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், யாருக்காவது தடை தெரிந்தால் சொல்லலாம் என்று ஃபாதர் பூசை நடுவே அறிவிப்பார். மூன்றாவது ஓலைக்குள் படம் சுவரில் ஏற வேண்டும். ஏறாவிட்டால் குட்டு வெளிப்படும். பொய்யில் ஆரம்பித்த மாப்பிள்ளையை எந்தப் பெண் மதிப்பாள்? கிறிஸ்துதாஸுக்கு நான்சியை இழக்க மனசில்லை. இரண்டு பார்வையிலேயே அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்துப்போயிருந்தது.

கடையில் உட்கார்ந்து முதல் படத்தை வரைந்தான். அழித்து அழித்துத் தாள் ஓட்டையானது. ஒரு மாதிரி பெண் வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு போனில் அனுப்பினான். நெடுநேரம் கழித்து நான்சி கூப்பிட்டாள்.

"யாருங்க இது? டீச்சரா?"

"ஊசி போட வந்த பொண்ணு."

"எத்தினி வயசு?"

"அஞ்சு."

"அஞ்சு வயசுக்கு இம்மாந்தூண்டு தலையா? குழந்தைக்குத் தலைதாங்க பெருசு, உடம்புதான் கம்மி. நான் தினம் டேப் வச்சு அளக்கிறேன், எனக்குத் தெரியாதா? இதப் பாத்தா எங்க பெரியம்மா வரிசைல நிக்கிற மாதிரி இருக்குது. தலையப் பெருசாக்குங்க. கண்ண நெத்திக்கு ஏத்தாதீங்க, கொஞ்சம் கீழ இறக்குங்க."

திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை, சிரித்திருந்தாலும் போனை மூடிக்கொண்டு சிரித்திருப்பாள். சரி என்று உட்கார்ந்தான். டீ வருகிற நேரம், காயிலில் பூசிய வார்னிஷ் காய்கிற நேரம், பஸ்ஸுக்கு நிற்கிற நேரம் எல்லாம் தலையாக வரைந்து தள்ளினான். வீட்டில் தினசரி காலண்டர் தாளின் முதுகெல்லாம் மொட்டைத் தலைகள். "கல்யாணம் பண்ணப் போற புள்ள மாதிரியா இருக்குது இது!" என்று அவன் அம்மா புலம்பினாள்.

தலை ஒரு வழிக்கு வந்தது. கண் கீழே இறங்கியதும் அந்தப் பெண்ணுக்கு நிஜமாகவே வயது குறைந்தது, அதைப் பார்த்து அவனே அசந்துபோனான். அவளுக்குச் சின்னப்பொண்ணு என்று பேரும் வைத்தான். உற்சாகத்தில் நாலைந்து சின்னப்பொண்ணுகளை ஒரே மூச்சில் வரைந்து அனுப்பினான்.

"முகம் ஜோரா இருக்குதுங்க" என்றாள் நான்சி. அவனுக்குத் தலைகால் புரியவில்லை. "ஆனா ஒண்ணு கேக்கட்டுமா? ஏன் எல்லாரும் கையப் பின்னாடி கட்டிக்கினு நிக்கிறாங்க?"

ஏன் என்றால் அவனுக்குக் கை வராது, அதனால்தான். அதைச் சொல்ல முடியுமா? "அது ஒரு ஸ்டைலு" என்றான்.

"ஸ்டைல் சரி. நான் ஊசிய எங்க போடறது?"

ஊசி போட்டுக்கொள்ளும் பெண்ணைக் கையில்லாமல் வரைந்த ஒரே ஆள் இந்த ஜில்லாவிலேயே அவனாகத்தான் இருப்பான்.

கை என்பது லேசுப்பட்ட காரியமா? இடது கையை முன்னால் நீட்டி வைத்துக்கொண்டு வலது கையால் வரைந்தான். கூட வேலை செய்கிற பச்சமுத்து எட்டிப் பார்த்து, "வாழைச்சீப்பு நல்லா வந்துக்குது மச்சான்" என்றான். எண்ணிப் பார்த்தால் ஒரு விரல் ஜாஸ்தி. அடுத்ததில் கம்மி. தாளைக் கசக்கி எறிந்துவிட்டு, மனசு கேட்காமல் அவனே நான்சியைக் கூப்பிட்டான். "விரல்தான் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"விரல விடுங்க. மொதல்ல கட்டு போட்ட கைய வரைங்க" என்றாள். "கட்டு போட்டா விரல் தெரியாது, கை தெரியும். அந்த உருண்டை சரியா வந்தப்புறம் கட்ட அவிழ்த்து விரல ஒண்ணொண்ணா வெளிய எடுங்க."

கிறிஸ்துதாஸ் அன்றைக்குப் பூராவும் காயம்பட்டவர்களாக வரைந்தான். கடைக்கு வந்தவர்கள் என்னமோ விபத்து நடந்ததாக நினைத்திருப்பார்கள். ஆனால் பாருங்கள், கட்டுப் போட்ட உருண்டைக்குள்ளிருந்து கட்டைவிரல் எட்டிப் பார்த்தது, பின்னாலேயே மற்ற நாலும் சமர்த்தாக வந்தன. அவனுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியும்விட்டான். பச்சமுத்து கரண்ட் அடித்துவிட்டதென்று ஓடிப்போய் மெயினை அணைத்தான்.

முதல் ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தால் சொல்லலாம் என்று ஃபாதர் சொன்னபோது கிறிஸ்துதாஸ் மெல்லத் திரும்பிப் பார்த்தான். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அத்தை மட்டும் அவனைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

இரண்டாவது ஓலைக்கு முந்தி ஒரு சார்ட் தாளில் முழுசாக வரைந்து, மலைக்குப் போகிற பஸ்ஸில் கொடுத்தனுப்பினான். நான்சி அதைச் சுவரில் ஒட்டிப் பார்த்துவிட்டு போனில் அனுப்பிய குரல் பதிவில் அவள் பேச்சே இல்லை. ஒரு குழந்தையின் வீறிடல் மட்டும் இருந்தது. அடுத்து அவளே கூப்பிட்டுப் பேசினாள். "ஊசிக்கு அழலீங்க. படத்தப் பாத்து அழுவுது. பூச்சாண்டின்னுது."

"ஏன்? சிரிச்சிக்கினுதானே இருக்குறா?"

"சிரிக்கிறா. ஆனா பல்லெல்லாம் எண்ணி எண்ணி வரைஞ்சிருக்கீங்க. கடிச்சிடுவாளோன்னு எனக்கே பயமா இருக்குது. வாய மூடுங்க. ஒரே கோடு போதும். சிரிப்ப கன்னத்துல காட்டுங்க."

இந்தத் தடவை கிறிஸ்துதாஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. இத்தனை பாடுபட்டும் பூச்சாண்டியா? போனை எடுக்காமல் ஒரு பொழுது முழுக்க முறைத்துக்கொண்டு இருந்தான். பிறகு வாயை மூடிப் பார்த்தான், ஒரே கோடு. சின்னப்பொண்ணு அவனைப் பார்த்து, எல்லாம் தெரிந்த மாதிரி குசும்பாகச் சிரித்தாள். முறைப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

கடைசிக் குறையைக் கண்டுபிடித்தவன் பச்சமுத்து. "எல்லாம் சரி மச்சான். ஆனா உன் ஆளு லைட்டு கம்பம் மாதிரி நிக்குது. கொழந்த எங்கனா அப்படி நிக்குமா? வளைஞ்சி நெளிஞ்சிக்கினு இல்ல நிக்கும்?"

வாஸ்தவம்தான். எப்படி வளைப்பது? காகிதத்தில் வளைக்க வரவில்லை. அவன் கைக்கு வளைக்கத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். பழைய காயிலிலிருந்து அறுத்துப் போட்ட செம்புக் கம்பியில் ஒரு துண்டை எடுத்தான். தலைக்கு ஒரு சுற்று, முதுகுக்கு ஒரு நீளம், இரண்டு கால், இரண்டு கை. கம்பிப் பெண் மேஜைமேல் நின்றாள். இடுப்பை லேசாகத் தள்ளினான், ஒரு கால் தானாக மடங்கியது. தோளைச் சாய்த்தான், ஒரு கை முன்னால் நீண்டது. அதைப் பார்த்துப் பார்த்து வரைந்தான். லைட்டு கம்பம் போய், அம்மாவின் முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையை ஊசிக்கு நீட்டும் ஒரு வாண்டு வந்து நின்றாள். பச்சமுத்து தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, டீ வாங்க அவனே கிளம்பினான். செவ்வாய்க்கிழமை கிறிஸ்துதாஸ் அதைப் போனில் நான்சிக்கு அனுப்பினான்.

மூன்றாவது ஓலைக்கு முந்தின புதன்கிழமை. அன்றைக்குத்தான் மலையில் தடுப்பூசி. லீவு போட்டுவிட்டு, பெயிண்ட் டப்பாக்களை வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினான். கச்சிராயபாளையம் தாண்டி, வளைவு வளைவாக ஏற ஏற அவனுக்கு மனசு அடித்துக்கொண்டது. படம் வந்துவிடும், அதில் பயமில்லை. ஆனால் பொய் பொய்தானே? ஞாயிற்றுக்கிழமை ஃபாதர் தடையிருந்தால் சொல்லலாம் என்பார். தடை தனக்கே தெரியும்போது வாயை மூடிக்கொண்டு உட்கார அவனால் ஆகாது. சொல்லிவிட வேண்டும், வேண்டாமென்று அவள் சொன்னாலும் சரி.

நான்சி வெள்ளைக் கோட்டோடு வாசலில் நின்றாள். குழந்தைகளும் தாய்மார்களும் வர இன்னும் நேரமிருந்தது. அவன் டப்பாவைக்கூட இறக்கவில்லை.

"நான்சி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க அத்தை அன்னிக்குச் சொன்னது பொய். எனக்குப் படம் வரையத் தெரியாது. பள்ளிக்கூடத்தோட சரி. நான் அப்பவே சொல்லியிருக்கணும், சொல்லல. தப்புதான். இப்ப நீ இன்னா சொன்னாலும் கேட்டுக்கிறேன்."

நான்சி அவனையே பார்த்தாள். அவன் காது சிவந்துபோனது.

"மொதல் படத்துலயே தெரியுமுங்க" என்றாள். "எங்க பெரியம்மாவ ஊசிக்கு அனுப்பினீங்களே, அப்பவே."

"அப்புறம் ஏன் ஒண்ணும் கேக்கல?"

"எப்ப ஒத்துக்குவீங்கன்னு பாத்துக்கினு இருந்தேன். நீங்க என்னடான்னா, சொன்ன பொய்ய நெசமாக்கிக்கினு வந்து நிக்கறீங்க! வரையத் தெரியாதாம்ல. நேத்து அனுப்பினீங்களே, அது யாரு வரைஞ்சது, உங்க அத்தையா? இப்ப சொல்றதுதாங்க பொய்யி."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள், வாய்விட்டு, பல்லெல்லாம் தெரிய. அவனுக்குப் பெரிய மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அழுகை வந்துவிடுமோ என்று பயந்து அவசரமாகப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தான்.

சாக்பீஸில் கோடு போட்டு, சாயம் ஏற்றி, கடைசியாக வாயை ஒரே கோட்டில் இழுத்து முடித்தபோது வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. முதலில் உள்ளே வந்தது அஞ்சு வயசுப் பெண் ஒன்று, அம்மா இடுப்பில் ஏறிக்கொண்டு. நான்சி ஊசியை எடுத்ததும் உதடு பிதுங்கியது. வழக்கமான வீறிடல் வரப்போகிறது என்று கிறிஸ்துதாஸ் பிரஷ்ஷோடு ஒதுங்கி நின்றான்.

வாண்டு சுவரைப் பார்த்தது. அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டிக்கொண்டிருந்த சின்னப்பொண்ணை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு நான்சியிடம் கறாராகச் சொன்னது.

"அவதான் மொதல்ல வந்தா. அவளுக்கு மொதல்ல போடு."

அறையில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நான்சி சிரிக்கவில்லை. பஞ்சை எடுத்து, இன்னும் காயாத சுவருக்குப் பக்கத்தில் பதமாகக் கொண்டுபோய், துடைப்பது போலத் துடைத்து, மூடி போட்ட ஊசியால் சின்னப்பொண்ணின் புஜத்தில் ஊசி போட்டாள். வாண்டு சின்னப்பொண்ணின் முகத்தையே உற்றுப் பார்த்தது. அழவில்லை என்று தெரிந்ததும் அம்மா இடுப்பிலிருந்து சறுக்கி இறங்கி, தன் கையை நீட்டியது.

கிறிஸ்துதாஸுக்குக் கண் கலங்கிவிட்டது. நான்சி அவன் பக்கம் திரும்பாமலேயே அடுத்த ஊசிக்கு மருந்து ஏற்றிக்கொண்டு சொன்னாள்.

"ஏங்க, சும்மா நின்னுக்கினு இருக்கீங்க? ஊசி போட்ட எடத்துல அவளுக்கு ஒரு பஞ்சு வரைங்க."